இஸ்ஸா அத்தையின் மத்தியானத் தூக்கம்

ஔகிலாவில் செத்தவர்கள் மத்தியானத் தூக்கத்துக்கு மேலே வரத் தொடங்கியது பேரீச்சை பழுத்துக் கிடந்த பருவத்தில், எல்லோரும் குலை வெட்டிக் களைத்துப் பந்தல் நிழலில் விழுந்து கிடந்த ஒரு நாளில். ஆகவே அதை ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவில்லை, திசீரி ஒருத்தியைத் தவிர, ஏனென்றால் அவளுடைய செத்துப்போன மாமியார் வந்து படுத்தது அவள் வயிற்றின் மேல்.

அதற்கு முன்னால் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து கரையோரம் பட்டணம் கட்டியிருக்கும் கிரேக்கர்கள் இந்த நிலத்தை லிபியா என்பார்கள், எங்களை நசமோன்கள் என்பார்கள். எங்களைப் பற்றி அவர்கள் சொல்வதில் பாதி பொய், மீதிப் பாதி நாங்களே விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது. குளிர்காலமெல்லாம் ஆடுமாடுகளோடு கடற்கரையில் இருப்போம். வெயில் ஏறியதும் பாலுக்குச் சில ஆடுகளை மட்டும் ஓட்டிக்கொண்டு, மந்தைகளைக் கரையிலேயே விட்டுவிட்டு, பாலைவனத்துக்குள் இருக்கும் ஔகிலாவுக்கு வந்து பேரீச்சை பறிப்போம். பறித்ததில் நல்லதை நாங்கள் தின்போம், சுமாரானதைக் கிரேக்கர்களுக்கு விற்போம்.

எங்களுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் பழக்கம் கிடையாது. கழுதையை விற்கலாமா, பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம், கிணற்றை இங்கே தோண்டலாமா அங்கே தோண்டலாமா, பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சை நிறுத்தலாமா, நிறுத்திய பேச்சை மறுபடி தொடங்கலாமா, எதுவானாலும் வீட்டுப் பெரியவர்களின் கல்லறைக்குப் போய், கும்பிட்டு, அதன் மேலேயே படுத்துத் தூங்கி, கனவில் என்ன வருகிறதோ அதைச் செய்வோம். கனவில் வேறொன்றும் வராமல் ஒரு தவளை மட்டும் வந்துவிட்டுப் போனாலும் அந்தத் தவளைக்கு ஏற்றபடி ஏதாவது செய்வோம். செய்தது நன்றாக முடிந்தால் பெருமை எங்களுக்கு, கெட்டுப்போனால் பழி செத்தவருக்கு. இப்படியே எங்கள் ஊரில் உயிரோடிருக்கும் ஒருவர் உயிரோடிருக்கும் இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்காமலே பல தலைமுறை ஓடிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்களில் யாரும் படுத்தபடி சாகக் கூடாது. மூச்சு வாங்க ஆரம்பித்ததுமே ஆளைத் தூக்கி உட்கார வைத்துவிடுவோம், முதுகுக்கு இரண்டு பேர், தலைக்கு ஒருவர் என்று பிடித்துக்கொள்வோம், உயிர் போனதும் உட்கார்ந்த நிலையிலேயே புதைத்துவிடுவோம். ஏன் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருக்கட்டும் என்பதற்காக என்று ஊர்ப் பெரியவர் சம்மாக் சொல்வார். அவருடைய சித்தப்பா ஒருவர் அப்படி உட்கார வைக்கப்பட்டு, அந்த அவஸ்தை தாங்காமல் பிழைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார்.

இனி திசீரியின் கதைக்கு வருகிறேன். அவள் புருஷன் யாதர் ஒரு கிரேக்கக் கப்பலில் சும்மா ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறினான், கப்பல் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை, ஆகவே கல்லறை இல்லை, கல்லறை இல்லாததால் அவனிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. புருஷன் வீட்டை விட்டு ஒரு பெண் போக வேண்டுமானால் அந்த வீட்டில் செத்தவர்கள் கனவில் வந்து உத்தரவு கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் கல்லறை இருந்தது மாமியார் இஸ்ஸாவுக்கு மட்டும்தான். ஆனால் கல்லறையில் படுத்துக் கேட்கும் உரிமை ரத்த உறவுக்கு மட்டும்தான் உண்டு, வந்த மருமகளுக்குக் கிடையாது. ஆக, திசீரியின் வாழ்க்கை முழுக்க அவள் கொழுந்தன் கில்தோவின் தூக்கத்தில் இருந்தது.

அவள் எங்கே போக ஆசைப்பட்டாள் என்று சொல்லவில்லையே. தெற்கே கரமந்தர் நாட்டிலிருந்து மாட்டு வண்டியில் உப்பு கொண்டுவந்து பேரீச்சை ஏற்றிப் போகும் நூபேல் என்பவனோடு போக ஆசைப்பட்டாள். கரமந்தர் நாட்டு மாடுகளுக்குக் கொம்பு முன்பக்கமாக வளைந்து தரையைப் பார்த்து இறங்கியிருக்கும். முன்னால் நடந்து மேய்ந்தால் கொம்பு மண்ணில் குத்திக்கொள்ளும் என்பதால் அவை பின்னால் நடந்தபடியே மேயும். முதல் தடவை அதைப் பார்த்தபோது திசீரி சிரித்த சிரிப்பு கிணற்றடி வரைக்கும் கேட்டது. யாதர் போன பிறகு அவள் சிரித்து அதுவரை நாங்கள் கேட்டதில்லை. நூபேல் கோபித்துக்கொள்ளாமல், "இது பரவாயில்லை, என் அப்பா சாப்பிடுறதைப் பாத்தா இன்னும் சிரிப்பே" என்றான். அன்றைக்கே விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கில்தோ கெட்டவனில்லை. அவனுக்கு ஒரே ஒரு பலவீனம், வெட்டுக்கிளிப் பால். வெட்டுக்கிளியை வெயிலில் காயவைத்து, அரைத்து, அந்தப் பொடியைப் பாலில் தூவிக் குடிப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் திசீரி அரைக்கும் பொடி மாவு மாதிரி நைசாக இருக்கும், வாசனையாக இருக்கும், தொண்டையில் இறங்குவதே தெரியாது. கில்தோவின் பெண்டாட்டி அரைத்தால் ஒவ்வொரு மடக்கிலும் ஒரு கால் சிக்கும். அண்ணி போய்விட்டால் ஆயுசு முழுக்கக் கால்களோடுதான் குடிக்க வேண்டும் என்ற எண்ணமே அவன் கண்ணைக் கலங்க வைத்தது. அவன் கல்லறைக்குப் போனான், படுத்தான், எழுந்து வந்தான், "அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க அண்ணி" என்றான். மறுபடி போய்வந்தும் அதையே சொன்னான். பொய் சொன்னானா என்றால், இல்லை. மனதில் பாலை நினைத்துக்கொண்டு படுத்தவனுக்கு வேறு என்ன கனவு வரும்?

அந்த நிலைமையில்தான் அந்த மத்தியானம் வந்தது. திசீரி வெட்டுக்கிளி அரைத்து முடித்து, கையைக்கூடக் கழுவாமல், பந்தலடியில் மல்லாந்து படுத்திருந்தாள். யாரோ மெல்ல வந்து, முழங்காலை ஊன்றி, அவள் வயிற்றில் தலையும் காலில் காலுமாகச் சரிந்து படுத்தார்கள். கனம் ஒன்றும் இல்லை, காலி ஓலைக்கூடை அளவுதான். ஆனால் மணல் கொட்டியது.

"கொஞ்சம் நகர்ந்து படுடி. எலும்பு குத்துது."

குரலைக் கேட்டதும் திசீரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அத்தை, நீங்களா? எப்படி வந்தீங்க?"

"நடந்துதான் வந்தேன். நீ ஒழுங்காச் சாப்பிடறதில்லையா? மெத்துன்னு ஒரு இடம் இல்லை உங்கிட்ட."

"எதுக்கு அத்தை வந்தீங்க?"

"எதுக்கு வருவாங்க? கேள்வி கேக்கத்தான். நீங்க உங்களுக்கு ஒண்ணு தெரியலைன்னா எங்க மேல வந்து படுத்துக்கறீங்க. எங்களுக்கு ஒண்ணு தெரியலைன்னா நாங்க யார் மேல படுக்கறது? எங்களுக்குக் கீழே வெறும் மண்ணுடி. அதான் மேல வந்தேன். பேசாம படு, நான் தூங்கி எழுந்து பதிலைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

திசீரி தன் கேள்வியைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் இஸ்ஸா அத்தை குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். உயிரோடிருந்த காலத்தில் அவளுக்குக் குறட்டை கிடையாது. நிழல் நீளும் வரைக்கும் தூங்கிவிட்டு எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்தாள்.

"கனவே வரலையேடி. நீ ஒண்ணுமே சொல்லலையா?"

"நானும் தூங்கிட்டேன் அத்தை."

"சரிதான்," என்றாள் இஸ்ஸா அத்தை. "நாங்களும் அப்படித்தான்."

அவள் கேட்க வந்தது என்னவென்று திசீரி கேட்டாள். இஸ்ஸா அத்தை முந்தானை நுனியை முறுக்கினாள். உயிரோடிருந்தபோது யாரிடமும் எதுவும் வேண்டும் என்று கேட்டுப் பழகாதவள் அவள். பிறகு இடுப்பைப் பிடித்தபடி சொன்னாள்: "உக்காந்தே இருக்கேன்டி. செத்த அன்னிக்கு உக்கார வச்சாங்க, இன்னும் உக்காந்திருக்கேன். முட்டி மடங்கியே கிடக்கு. இடுப்பு விட்டுப்போச்சு. வர்றவங்க எல்லாம் தலைமேல வேற படுக்கறாங்க. நான் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்துக்கலாமா? அதைத்தான் கேக்க வந்தேன்."

திசீரிக்கு அழுகை வந்துவிட்டது. இதே மாமியார் அவளை எவ்வளவோ பேசியிருக்கிறாள், தண்ணீர்க்குடத்தைச் சாய்த்து வைத்தாய், ஆட்டை மாற்றிக் கட்டினாய் என்று விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை குற்றம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுடைய கடைசி நேரத்தில் முதுகைத் தாங்கி உட்கார வைத்தவர்களில் திசீரியும் ஒருத்தி. "படுத்துக்குங்க அத்தை, யார் வேண்டாம்னு சொன்னது" என்றாள். படுப்பது அவ்வளவு சுலபமில்லை என்றாள் அத்தை. கல்லறையைத் திறந்து காலை நீட்டிவிடப் பெற்ற பிள்ளை வேண்டும், ஊர் சம்மதிக்க வேண்டும்.

"எனக்கும் ஒண்ணு கேக்கணும் அத்தை. நூபேல்னு ஒருத்தர்…"

"என் விஷயம் முடியட்டும். அப்புறம் உன்னுது," என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் மத்தியானம் மறுபடி வந்தாள்.

அவளைப் பார்த்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். சில நாளிலேயே மத்தியானமானால் ஔகிலாவில் உயிரோடிருப்பவர் மேல் ஒரு செத்தவர் படுத்திருப்பது சாதாரணமாகிவிட்டது. நாங்கள் பழகிக்கொண்டோம். பழகிக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. மணல் கொட்டுகிறதே என்று பெண்கள் வயிற்றின் மேல் ஒரு பழைய தோலை விரித்துக்கொண்டு படுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் மேல் படுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது, செத்தவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒல்லியானவர்களை அவர்கள் விரும்பவில்லை. இரண்டு தடவை புரண்டு பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள், அது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று. சம்மாக் பெரியவருக்கு மலைபோல வயிறு. அவர் மேல் அவருடைய அப்பா, பெரியப்பா, யாரென்றே தெரியாத ஒரு கிழவர் என்று வரிசையாகப் படுத்தார்கள். பெருமை தாங்காமல் அவர் மத்தியானங்களில் பெருமூச்சுகூட விடாமல் கிடந்தார். நல்ல வயிறுள்ள மாப்பிள்ளையாகத் தேட வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே நாங்கள் கல்லறைக்குப் போய்க் கனவு கேட்பதையும் நிறுத்தவில்லை. அதுவும் மத்தியானத்தில்தான் வழக்கம். உயிரோடிருப்பவர்கள் கிணற்றடிப் பாதையாகக் கல்லறைக்குப் போனார்கள், செத்தவர்கள் தோப்புப் பாதையாக ஊருக்குள் வந்தார்கள், வழியில் சந்தித்துக்கொள்ளவில்லை. செத்தவர்கள் இங்கே இருந்தால் அங்கே யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கில்தோ தினமும் போனான். அம்மாவின் கல்லறை மேட்டில் ஆடு படுத்து எழுந்த இடம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தன் முதுகுக்குத் தோதாக அம்மாவே இடம் செய்து கொடுத்திருக்கிறாள் என்று நெகிழ்ந்து, அந்தப் பள்ளத்தில் சுருண்டு படுத்து, முன்னெப்போதையும்விட நன்றாகத் தூங்கினான். கனவுகளும் தெளிவாக வந்தன. எல்லாவற்றிலும் அம்மா ஒரு கையில் பால்கிண்ணத்தோடு நின்று, திசீரி போகக் கூடாது என்றாள்.

திசீரிக்கு மட்டும் கணக்குப் புரிந்துவிட்டது. வயிற்றின் மேல் மாமியார், வாசலில் வந்து நிற்கும் கொழுந்தன் வாயில் மாமியார் சொன்ன சேதி. இரண்டும் ஒரே மத்தியானத்தில். அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனியாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? நூபேல் பேரீச்சை ஏற்றி முடித்து, இனிமேல் தங்கினால் மாடுகள் ஊர்ப் புல்லையெல்லாம் பின்னாலேயே நடந்து மேய்ந்து தீர்த்துவிடும் என்று சங்கடப்பட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் சம்மாக் பெரியவர், நாளைக்கே பஞ்சாயத்து, கில்தோ கடைசியாக ஒரு கனவு கண்டுவரட்டும், அதோடு பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

"அத்தை," என்றாள் திசீரி, "நாளைக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் தூங்குங்களேன்."

"என்னைப் படுக்காதேன்னு சொன்னவங்களைத்தான் பாத்திருக்கேன். இப்படிக் கேட்டவ நீ ஒருத்திதான்," என்றாள் இஸ்ஸா அத்தை. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பஞ்சாயத்து கூடியபோது ஒரு சிக்கல். நேரம் மத்தியானம், சம்மாக் பெரியவர் மேல் அவருடைய மூதாதைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுந்திருக்க முடியாது. ஆகவே பஞ்சாயத்தே பெரியவரைச் சுற்றி, உட்கார்ந்தும் படுத்தும் நடந்தது. அவர் மல்லாந்தபடியே தலைமை தாங்கினார். தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் காதோடு காதாகப் பேசினார்கள். பாதிப் பேர் மேலும் ஆள் படுத்திருந்ததால் வாக்குவாதம் வந்தால்கூடக் கையை ஆட்ட முடியவில்லை. அவ்வளவு அமைதியான ஒரு பஞ்சாயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஓரமாகப் பாயில் திசீரி படுத்திருந்தாள், அவள் மேல் ஒரு செத்தவர், முகத்தை முந்தானையால் மூடியபடி. மணல் மூடிக் கிடந்தால் செத்தவர்களில் இன்னாரென்று அடையாளம் தெரியாது. நூபேல் மாடுகளின் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கில்தோ கிணற்றடிப் பாதையாக ஓடி வந்தான், கன்னத்தில் மணல் ஒட்டியபடி, தூக்கக் கலக்கத்தோடு, சத்தம் போட்டுக்கொண்டே.

"அம்மா வந்தாங்க! இவ்வளவு தெளிவா வந்ததே இல்லை. திசீரி இந்த வீட்டை விட்டுப் போகவே கூடாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க!"

"மெதுவாப் பேசுப்பா," என்றார் சம்மாக் கிசுகிசுப்பாக. "எப்போ சொன்னாங்க?"

"இப்போ! இந்தச் சூட்டோட வர்றேன்!"

"நான் எப்படா சொன்னேன்?"

பாயிலிருந்து எழுந்த குரலைக் கேட்டு எல்லோரும் திரும்பினோம். இஸ்ஸா அத்தை திசீரியின் வயிற்றில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, முந்தானையை விலக்கி, கண்ணைக் கசக்கினாள். கில்தோவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"அம்மா," என்றான் கில்தோ, "நீ இங்கேயா இருக்கே? அப்போ நான் யார் மேல படுத்தேன்?"

"மண்ணு மேல."

ஒவ்வொருவருக்கும் தன் தன் கனவு ஞாபகம் வந்தது. கனவு கண்டு கழுதையை விற்றவன் கழுதையை நினைத்தான். கனவு கண்டு தம்பியோடு பேச்சை நிறுத்தியவன் கூட்டத்தில் தம்பியைத் தேடினான். கனவு கண்டு கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள். என் விஷயத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சம்மாக் பெரியவர் ஊர்ப் பெரியவரானதே ஒரு கனவினால்தான், அதைக் கண்டவரும் அவரேதான்.

அவர்தான் கேட்டார். கேட்க வேண்டியவரும் அவர்தான். "இஸ்ஸாக்கா, நீங்க மேல வர ஆரம்பிச்சது இந்த வருஷம்தானே. அதுக்கு முன்னாடி உள்ளேதானே இருந்தீங்க. அப்போ நாங்க கண்ட கனவெல்லாம் நீங்க சொன்னதுதானே?"

"நாங்க என்னத்தைச் சொன்னோம்? இடுப்பு வலிக்குது, எழுந்திருங்கடான்னு கத்தினோம். நீங்க எழுந்து போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க."

சம்மாக்கின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அவர் அழுகிறார் என்று நினைத்தோம், சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் படுத்திருந்த அப்பாவும் பெரியப்பாவும் அந்தக் கிழவரும் குலுக்கலில் எழுந்து, என்ன என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும், எங்களுக்கும் முட்டி வலிக்கிறது என்றார்கள். உடனே பந்தலுக்குப் பந்தல் செத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து அதையே சொன்னார்கள்.

ஆக, இரண்டு கேள்விகள் பஞ்சாயத்தின் முன்னால் வந்தன. செத்தவர்கள் படுக்கலாமா? திசீரி போகலாமா? கல்லறையில் படுத்துக் கேட்டு வருகிறேன் என்று பழக்கதோஷத்தில் ஒருவன் கிளம்பியே விட்டான், அவன் அப்பாவே அவனைத் தடுத்து, "நான் இங்கேதான்டா இருக்கேன்" என்றார். அப்பா, நீங்களே சொல்லுங்கள் என்றால், கேட்கிறவனே பதில் சொன்னால் அது எப்படிச் செல்லும் என்றார். நிழல் நீண்டது, வெயில் தாழ்ந்தது, ஆடு கறக்கிற நேரமும் வந்துவிட்டது. எடுத்த எடுப்பில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் நாளைக்குத் தவறிப்போனால் யாரைத் திட்டுவது?

கடைசியில் திசீரிதான் எழுந்தாள். மாமியார் முன்னால் போய் மண்டியிட்டாள். "அத்தை, ஊர் சொல்றப்போ சொல்லட்டும். நீங்க படுங்க. நான் சொல்றேன், பொறுப்பு எனக்கு."

இஸ்ஸா அத்தை மருமகள் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "நீ போடி," என்றாள். "நான் சொல்றேன். கனவுல இல்லை, முழிச்சிருந்து சொல்றேன்."

எங்களிடம் வாக்குக் கொடுப்பதென்றால் ஒருவர் கையிலிருந்து ஒருவர் குடிக்க வேண்டும். திசீரி தன் கையில் பால் வார்த்து நீட்டினாள். இஸ்ஸா அத்தை குனிந்து குடித்தாள், ஆனால் குடித்த பால் அவள் கழுத்து வழியாக இறங்கி மணலில் விழுந்து ஊறிப்போனது. செத்தவர்களுக்குத் தொண்டையில் எதுவும் நிற்பதில்லை போலும். குடிக்க எதுவும் கிடைக்காத இடத்தில் தரையிலிருந்து மண்ணை எடுத்து நக்கினாலும் வாக்குச் செல்லும் என்று ஒரு விதி உண்டு, நாங்கள் பாலைவனத்துக்காரர்கள் அல்லவா. இஸ்ஸா அத்தை தன் வெறும் உள்ளங்கையை மருமகள் முகத்துக்கு நேரே நீட்டினாள். தனியாக மண் எடுக்க வேண்டியிருக்கவில்லை. திசீரி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாக்கால் தொட்டாள்.

"உப்புக் கரிக்குது அத்தை."

"கடலோரத்துல பிறந்தவடி நான்," என்றாள் இஸ்ஸா அத்தை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "யாதரும் அங்கேதான் எங்கேயோ படுத்திருக்கான். அவனை யாரும் உக்கார வைக்கலை, அந்த மட்டும் நல்லது."

அதைக் கேட்டு எங்களில் அழாதவர் இல்லை. நானும் அழுதேன்.

அதற்கு மேல் யாரும் ஊர் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. கில்தோதான் முதலில் மண்வாரியை எடுத்தான். அம்மாவின் கல்லறையைத் தன் கையாலேயே திறந்து, நீளமாகத் தோண்டி, அடியில் பேரீச்சை ஓலை பரப்பினான். இஸ்ஸா அத்தை இறங்கி உட்கார்ந்தாள். திசீரி தோளைப் பிடித்துச் சாய்த்தாள், கில்தோ காலைப் பிடித்து நீட்டினான். "மெதுவாடா, முட்டி, முட்டி" என்று கத்தினாள் அத்தை. மடங்கிக் கிடந்த முழங்கால்கள் சத்தத்தோடு நிமிர்ந்தன. முதுகு ஓலையில் பட்டதும் அவள் விட்ட மூச்சு, குழிமேட்டில் நின்ற எங்கள் எல்லோர் முகத்திலும் சில்லென்று பட்டது.

கில்தோ தேம்பினான். "அம்மா, நான் பொய் சொல்லலைம்மா. கனவுல நீதான் வந்தே."

"தெரியும்டா. பால்கிண்ணத்தோட வந்திருப்பேனே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எல்லோரும் பார்க்க அண்ணியின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றான். உயிரோடிருக்கும் ஒருவர் உயிரோடிருக்கும் இன்னொருவரிடம் கேட்ட அந்த வார்த்தை எங்கள் ஊரில் அதுவரை புழங்கியதே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த சிலர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். முக்கியமாக, தம்பியோடு பேச்சை நிறுத்தியவன்.

மண் தள்ளத் தொடங்கியபோது குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "கில்தோ! அரைக்கறதுக்கு முன்னாடி காலைக் கிள்ளிப் போடணும்டா. அவ்வளவுதான் விஷயம். உன் பெண்டாட்டி அப்படியே போட்டு அரைக்கறா. அவளுக்குச் சொல்லாதே, நீயே கிள்ளிக் குடு."

திசீரி அடுத்த நாள் காலையில் கிளம்பினாள். மாடுகள் நடக்கும், புல்லைக் கண்டால் தலையைத் தாழ்த்தும், மேய ஆரம்பித்ததும் பின்னால் நடந்து நாங்கள் நிற்கும் இடத்துக்கே வந்து சேரும். நாங்கள் மறுபடி கட்டிப்பிடித்து அழுவோம், மறுபடி மூட்டையில் பழம் திணிப்போம், மறுபடி கையசைப்போம். உச்சிப்பொழுதுக்குள் அழுவதற்குக் கண்ணீர் தீர்ந்துபோய், எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம், திசீரி வண்டியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம்தான் அவர்கள் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினார்கள். அங்கே புல் கிடையாது.

அந்தப் பருவம் முடிவதற்குள் ஔகிலாவில் இருந்த செத்தவர்களை எல்லாம் நாங்கள் படுக்க வைத்துவிட்டோம். மத்தியானத்தில் மேலே வருவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். வயிறு காலியாக இருப்பது சம்மாக் பெரியவருக்குத்தான் வெகுநாள் வரை என்னவோ போல இருந்தது. கல்லறையில் போய்ப் படுத்தால் இப்போது கனவு எதுவும் வருவதில்லை, நல்ல தூக்கம் மட்டும் வருகிறது. கழுதையை நாங்களே விற்கிறோம், தவறாகத்தான் விற்கிறோம், வாங்கினவனிடம் போய் நாங்களே சண்டை போடுகிறோம்.

இந்த வருஷம் கில்தோவின் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணுக்குப் பிடித்திருந்தது, அவனுக்குப் பயமாக இருந்தது. பழக்கம் விடாமல் ஒரு மத்தியானம் அம்மாவின் கல்லறைக்குப் போனான். கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டான், வெட்டுக்கிளி முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கால்களைக் கிள்ளிப் போட ஆரம்பித்தான். அம்மா என்ன சொன்னார்கள் என்று பெண்டாட்டி கேட்டாள்.

"காதை வச்சுக் கேட்டேன். குறட்டை விட்டுத் தூங்கறாங்க."

"எழுப்பிக் கேட்டிருக்கலாமே?"

"மனசு வரலை," என்றான் கில்தோ. "அவ இஷ்டப்படி கட்டிக்கட்டும். நான் சொல்றேன்."